அடிலெய்ட்: ஒரு நகரின் தெருப்பெயர்களும் ஒரு மொழியின் மீள்வரவும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், கார்ன்வாலிஸ் கோட்டையினுள் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. தீவில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் சிலை அது. குடியேற்றத்தின் 150-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1936-இல் அது வடிக்கப்பட்டது. அப்போது சிற்பிக்கு ஓர் இடர்ப்பாடு நேர்ந்தது. பிரான்சிஸ் லைட்டின் உருவப்படம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆகவே மகனுடைய படத்தை முன்வைத்துத் தந்தையின் முகத்தை அமைத்தார் என்பர். பள்ளிச் சுற்றுலாவில் நம் மாணவர்கள் அண்ணாந்து பார்க்கும் அந்த முகம், உண்மையில் இன்னொரு நகரத்தை வகுத்தவரின் முகம். அவர் பெயர் வில்லியம் லைட். அந்த நகரம் தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்ட்.

வில்லியம் லைட் பிறந்த ஊர் கோலா கெடா. ஆண்டு 1786, ஏப்ரல் திங்கள். தாயார் மார்த்தினா ரொசெல்ஸ், ஐரோப்பியக் குருதியும் ஆசியக் குருதியும் கலந்த மரபினர். பிள்ளை பிறந்து நான்கு திங்கள் கழிவதற்குள், ஆகஸ்டு 11-ஆம் நாள் தந்தை பினாங்கில் கொடியேற்றினார். கடலோரச் சதுப்பை ஒட்டி நான்கு தெருக்களை எல்லையாகக் கொண்டு ஓர் ஊர் எழுந்தது. அவை லைட் தெரு, கடற்கரைத் தெரு, பிட் தெரு, சூலியா தெரு. ஒன்று நிறுவியவரின் பெயர், ஒன்று இலண்டன் தலைமை அமைச்சரின் பெயர், ஒன்று இடத்தின் இயல்பு, ஒன்று அங்கு வந்து வாணிகம் செய்த தமிழ் முஸ்லிம்களின் பெயர். ஒரு தெருப்பெயர் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இந்த நான்குமே போதிய பாடம். ஆறு வயதில் சிறுவன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அவன் எட்டு வயதை எட்டியபோது தந்தை காய்ச்சலில் மறைந்தார்.

தந்தையின் ஊர் மெல்ல வளர்ந்து கலந்தது. மகனின் ஊரோ முதலில் தாளில் வரையப்பட்டு, பின்னர் தரையில் இறக்கப்பட்டது. அந்தத் தாளில் எழுதப்பட்ட பெயர்களையும், எழுதப்படாமல் விடுபட்ட பெயர்களையும், அவற்றுள் சில நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின் எவ்வாறு திரும்பின என்பதையும் நாம் இங்கே காண்போம்.

தாளில் பிறந்த நகரம்

தெற்கு ஆஸ்திரேலியா குற்றவாளிகளை நாடு கடத்தும் இடமாகத் தொடங்கவில்லை. நிலத்தை விற்று, விற்ற பணத்தில் உழைப்பாளர்களைக் கப்பலேற்றுவது என்ற பொருளியல் திட்டத்தின் வழியே அது உருவானது. 1834-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அந்நிலப்பரப்பைப் பாழ்நிலம், ஆளில்லா நிலம் என்று எழுதியது. அங்கே ஆட்கள் இருந்தனர். டாரன்ஸ் ஆற்றின் இருகரையிலும் அடிலெய்ட் சமவெளியிலும் வாழ்ந்தோர் கௌர்ணா மக்கள். 1836 பிப்ரவரியில் வெளிவந்த அரச ஆணைப் பத்திரம், பூர்வகுடிகள் தாங்கள் வாழ்ந்து துய்க்கும் நிலத்தின்மீது கொண்ட உரிமைக்கு ஊறு நேரலாகாது என்றும் எழுதியது. இரண்டு ஆவணங்கள், இரண்டு கூற்றுகள். நடைமுறையில் வென்றது முதலாவதே. வில்லியம் லைட் அங்குக் காலடி வைக்கும் முன்பே, அவர் இன்னும் தேர்ந்தெடுக்காத நகரத்தின் மனைகள் இலண்டனில் விலைபோயிருந்தன.

நில அளவைத் தலைவராக நியமிக்கப்பட்ட லைட், 1836 ஆகஸ்டில் ‘ரேப்பிட்’ என்ற கப்பலில் வந்து சேர்ந்தார். கடற்கரையை ஆராய்ந்து, துறைமுகத்திலிருந்து சற்று உள்ளே, ஆற்றங்கரை மேட்டில் இடத்தைத் தேர்ந்தார். கிழக்கே மலைத்தொடர் இருப்பதால் மழை பொய்க்காது, மேட்டுநிலம் ஆதலால் வெள்ளம் ஏறாது, குடிநீர் அருகில் உண்டு என்பன அவர் கண்ட காரணங்கள். ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் கடற்படையில் இருந்தவர். தலைநகர் துறைமுகத்தோடு ஒட்டி இருக்க வேண்டுமென்று அவர் பிணங்கினார். 1837 பிப்ரவரியில் குடியேறியோர் கூடி, லைட் தேர்ந்த இடமே நிலைக்கட்டும் என்று முடிவு செய்தனர். வாதம் நடந்துகொண்டிருந்தபோதே லைட் நிலத்தில் சங்கிலி போட்டு அளந்துகொண்டிருந்தார். ஜனவரி 11-ஆம் நாள் தொடங்கிய அளவை மார்ச் 10-ஆம் நாள் முடிந்தது. இரண்டே திங்களில் ஒரு தலைநகரின் எலும்புக்கூடு தரையில் கிடந்தது.

அந்த எலும்புக்கூட்டின் கணக்கு எளியது. ஒவ்வொன்றும் ஓர் ஏக்கராக 1042 மனைகள். ஆற்றின் தெற்கே 700, வடக்கே 342. தெருக்களின் அகலம் நில அளவைச் சங்கிலியைக் கொண்டே அமைந்தது. ஒரு சங்கிலி 66 அடி. சிறிய தெரு ஒரு சங்கிலி, அடுத்தது ஒன்றரைச் சங்கிலி, நடுநாயகமான மன்னர் வில்லியம் தெரு இரண்டு சங்கிலி, அதாவது 132 அடி. ஆஸ்திரேலிய மாநிலத் தலைநகரங்களின் முதன்மைத் தெருக்களுள் இதுவே அகலமானது என்பர். தெற்குப் பகுதியில் ஐந்து சதுக்கங்கள், வடக்கில் ஒன்று. இவை அனைத்தையும் சூழ்ந்து, கட்டடம் எழுப்பக் கூடாத பசுநிலம் ஒரு வளையமாக ஒதுக்கப்பட்டது. பிற்காலத்தில் ஆட்டத்திடல், சிறைச்சாலை, இருப்புப்பாதை எனப் பலவும் அதைக் கொறித்தபோதும், இன்னும் 700 ஹெக்டேருக்கு மேல் எஞ்சியிருக்கிறது. அந்தப் பசுவளையமும் நகர அமைப்பும் 2008 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தன. அதே ஆண்டு ஜூலையில்தான் ஜார்ஜ் டவுன் உலக மரபுடைமைத் தகுதி பெற்றது. தந்தையின் ஊரும் மகனின் ஊரும் ஒரே ஆண்டில் போற்றப்பட்டது தற்செயலே. ஆயினும் நினைவில் நிறுத்தத் தக்க தற்செயல்.

நகர வரைவில் எவ்வளவு லைட்டினுடையது, எவ்வளவு அவருடைய துணைவர் கிங்ஸ்டனுடையது என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. அதற்குள் நாம் புகவேண்டியதில்லை.

பன்னிருவர் எழுதிய பெயர்கள்

1837 மே 23-ஆம் நாள் ஆளுநர், லைட், கிங்ஸ்டன் உள்ளிட்ட பன்னிருவர் குழு கூடித் தெருக்களுக்கும் சதுக்கங்களுக்கும் பெயரிட்டது. நகரின் பெயர் முன்பே முடிவாகியிருந்தது. மன்னர் நான்காம் வில்லியத்தின் அரசியார் அடிலெய்டின் பெயர் அது. ஆகவே நடுத்தெரு மன்னருக்கு, நடுச்சதுக்கம் இளவரசி விக்டோரியாவுக்கு. குழு கூடி நான்கு வாரம் கழிந்து, ஜூன் 20-ஆம் நாள் மன்னர் இறந்தார், இளவரசி அரசியானார். கடல் கடந்து செய்தி வந்து சேரப் பல திங்கள் ஆகும் காலம் அது. உயிரோடிருக்கும் மன்னருக்கென்று சூட்டிய பெயர் அந்த இடைவெளியிலேயே இறந்தவரின் நினைவுப்பெயராகிவிட்டது.

மன்னர் வில்லியம் தெருவை நாம் நடந்து கடந்தால் ஒரு விந்தையைக் காணலாம். கிழக்கிலிருந்து வரும் தெரு, நடுத்தெருவைத் தாண்டியதும் பெயர் மாறிவிடுகிறது. கிழக்கே ரண்டல், மேற்கே ஹிண்ட்லி. கிழக்கே கிரென்ஃபெல், மேற்கே கரி. கிழக்கே பிரி, மேற்கே வேமத். கிழக்கே ஃபிளிண்டர்ஸ், மேற்கே ஃபிராங்க்ளின். மன்னரை ஒருவரும் குறுக்கே கடக்கலாகாது என்பதால் இவ்வாறு வைத்தனர் என்று ஊரார் சொல்வர். சொல்லத் தகுந்த கதைதான். ஆனால் பெயர் கேட்டு நின்றோரின் வரிசை தெருக்களின் எண்ணிக்கையைவிட நீண்டது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. பெயரை இரண்டாக வெட்டினால் இரண்டு பேரை மகிழ்விக்கலாம் அன்றோ?

அப்பெயருக்குரியோர் பலர் அடிலெய்டைக் கண்ணாலும் காணாதவர்கள். ரண்டல், ஹிண்ட்லி, பிரி, கரி ஆகியோர் இலண்டனில் இருந்தபடி முதலீடு செய்தோரும் நாடாளுமன்றத்தில் ஆதரவு தந்தோரும் ஆவர். கிரேக்க வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய ஜார்ஜ் குரோட்டின் பெயரைத் தாங்கிய தெருவில்தான், 1869-இல் தொடங்கிய மத்தியச் சந்தை இன்று காய்கறியும் பாலாடைக்கட்டியும் மணக்க இயங்குகிறது. வேக்ஃபீல்டு தெரு என்றதும் குடியேற்றக் கொள்கையை வகுத்த எட்வர்டு கிப்பன் வேக்ஃபீல்டை நினைப்பது மாணவர் வழக்கம்; அது சட்டத்தை வரைந்து கொடுத்த அவருடைய தம்பி டேனியலின் பெயர். மேலவையில் சட்டம் நிறைவேறத் துணைநின்ற வெலிங்டன் கோமகனுக்கு ஆற்றின் வடக்கே ஒரு சதுக்கம் கிடைத்தது. ஃபிளிண்டர்ஸ் 1802-இல் இக்கடற்கரையை வரைபடமாக்கியவர். ஃபிராங்க்ளின் அன்று அவர் கப்பலில் பணிபுரிந்த இளைஞர். தலைவரும் தொண்டரும் தெருவின் இரு பாதிகளாக எதிரெதிரே நிற்பது குழுவினரின் நயமான தேர்வு என்றே சொல்ல வேண்டும்.

இத்தனை பெயர்களுள் கௌர்ணா மொழிச் சொல் ஒன்றேனும் இல்லை. தேடிக் கிடைக்காமல் போயிற்று என்று சொல்ல இயலாது, கேட்கவில்லை. 1839-இல் அடுத்த ஆளுநர் காலர், சிறு ஓடைகளுக்கும் குன்றுகளுக்கும் பூர்வகுடிகள் வழங்கும் பெயர்களைக் கண்டறிந்து அப்படியே காக்க உதவுமாறு குடியேறியோரை அரசிதழ் வாயிலாக வேண்டினார். நல்ல வேண்டுகோள். அதனால் நகருக்கு வெளியே தெற்கில் நோர்லுங்கா, வில்லுங்கா, ஓங்கப்பரிங்கா போன்ற பெயர்கள் பிழைத்தன. நகரின் நடுவிலோ எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

வடக்குத் தெருவின் கற்கட்டடங்கள்

சுற்றுலாக் கையேடுகள் பயணிகளை முதலில் அழைத்துச் செல்வது வடக்கு டெரஸ் என்னும் எல்லைத்தெருவுக்கு. ஆளுநர் மாளிகை, நாடாளுமன்றம், நூலகம், அருங்காட்சியகம், கலைக்கூடம், பல்கலைக்கழகம் என வரிசையாகக் கல்லில் எழுந்த கட்டடங்கள். நாடாளுமன்றக் கட்டடத்தின் மேற்குப் பாதி 1889-இல் திறக்கப்பட்டது. கிழக்குப் பாதி எழ மேலும் ஐம்பதாண்டுகள் ஆகி, 1939-இல் முழுமை பெற்றது. அந்தப் பாதிக் கட்டடம் நின்ற காலத்தில்தான், 1894 டிசம்பரில், பெண்களுக்கு வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் ஒருங்கே வழங்கிய சட்டம் நிறைவேறியது.

மன்னர் வில்லியம் தெருவில் 1866-இல் எழுந்த நகர மண்டபமும், 1872-இல் திறந்த தலைமை அஞ்சலகமும் தம் கோபுரங்களோடு எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கின்றன. அஞ்சலகத்தின் முன் நம் வாசகர்கள் சற்று நிற்கலாம். அது திறந்த அதே 1872-இல், சார்லஸ் டாட் என்பவரின் பொறுப்பில் அடிலெய்டிலிருந்து வடகோடியிலுள்ள டார்வின்வரை பாலைநிலத்தின் ஊடே தந்திக்கம்பி இழுக்கப்பட்டது. டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும், பினாங்குக்கும், சென்னைக்கும், அதற்கப்பால் இலண்டனுக்கும் சென்றது. மன்னர் இறந்த செய்தி வர முன்பு திங்கள் கணக்கில் காத்திருந்த ஊர், அன்று முதல் சில மணி நேரத்தில் செய்தி பெறலாயிற்று. அச்செய்திகள் வந்த வழியில் வில்லியம் லைட்டின் தந்தை நிறுவிய ஊரும் இருந்தது.

நகரின் தென்மேற்கு மூலையில், குட்டி கில்பர்ட் தெரு என்னும் சந்தில் ஒரு பள்ளிவாசல் உண்டு. 1888–89-இல் கட்டப்பட்டது, நான்கு மினாராக்கள் 1903-இல் சேர்ந்தன. உள்நாட்டுப் பாலையில் ஒட்டகங்களை ஓட்டிச் சரக்குச் சுமந்த ஆப்கானியர், பலூச்சியர், பஞ்சாபியர் முதுமையில் வந்து தங்கிய இடம் அது. ஆஸ்திரேலிய நகரங்களில் எஞ்சியுள்ள பள்ளிவாசல்களுள் மூத்தது. வடக்கு டெரஸின் பெருங்கட்டடங்களைவிட இச்சிறு கட்டடமே நம்மை நெடுநேரம் நிறுத்திவைக்கும். ஏனெனில் அந்தக் குடியேற்றத் திட்டத்தில் இடமே இல்லாதிருந்தோர் எழுப்பிய கட்டடம் அது.

ஆற்றங்கரைப் பள்ளி

இனி, இக்கட்டுரையின் உயிர்நாடியான இடத்துக்கு வருவோம். அங்கே கட்டடம் ஒன்றும் இல்லை.

1838 அக்டோபரில் ஆளுநர் காலர் வந்த கப்பலிலேயே இரண்டு ஜெர்மானிய லூத்தரன் ஊழியர்கள் வந்திறங்கினர். கிறிஸ்டியன் டைக்கெல்மான், கிளாமர் ஷுர்மான் என்பன அவர்களுடைய பெயர்கள். முல்லாவிர்ராபுர்கா, கட்லிட்பினா, இச்சமைஇட்பினா என்ற மூன்று பெரியோரிடம் அவர்கள் மொழி பயின்றனர். குடியேறியோர் இம்மூவரையும் ஜான் மன்னர், கேப்டன் ஜாக், ராட்னி மன்னர் என்று அழைத்தனர். பெயர் சூட்டும் பழக்கம் தெருவோடு நிற்கவில்லை என்பதற்கு இதுவும் சான்று.

1839 டிசம்பரில், ஆற்றின் வடகரையில் பிள்டாவட்லி என்ற இடத்தில் பள்ளிக்கூடம் தொடங்கியது. கௌர்ணா மொழியில் அச்சொல்லுக்குப் ‘பாசம் என்னும் மரவிலங்கின் இல்லம்’ என்பது பொருள். கௌர்ணாப் பிள்ளைகளுக்குக் கௌர்ணா மொழியிலேயே எழுத்தும் படிப்பும் கற்பிக்கப்பட்டன. அடுத்த ஆண்டே, 1840-இல், அடிலெய்டிலேயே ஒரு சிறு நூல் அச்சாயிற்று. இலக்கணச் சுருக்கம், ஏறத்தாழ 2000 சொற்களின் அகரவரிசை, பேச்சுத் தொடர்கள் ஆகிய மூன்றும் அதில் அடங்கின. வந்திறங்கி இரண்டாண்டுக்குள் அந்நிய மொழி ஒன்றின் இலக்கணத்தை எழுதி அச்சிட்ட உழைப்பு எளிதன்று. அவர்கள் வந்த நோக்கம் சமயம் பரப்புவது, அதில் தோற்றனர். வழியில் செய்த வேலை மட்டுமே நிலைத்தது.

அந்நூலின் எழுத்துமுறையைத் தமிழாசிரியர் ஒருவர் பார்த்தால் சிலவற்றை உடனே உணர்வார். கௌர்ணா மொழியில், தமிழைப் போலவே, வல்லினத்தில் ஒலிப்புள்ளது, ஒலிப்பில்லாதது என்ற பிரிவு பெரும்பாலும் பொருள் வேறுபடுத்துவதில்லை. ஜெர்மானியர்கள் ‘ட’வை ஓரிடத்தில் ஓர் எழுத்தாலும் மற்றோரிடத்தில் வேறெழுத்தாலும் எழுதினர். ண, ன, ந என்ற வேறுபாடு அம்மொழிக்கு உயிரானது. நாவை மடித்து ஒலிக்கும் ணகரத்தை அவர்கள் ஓரளவு குறித்தனர். நகர னகர வேறுபாடு அவர்கள் செவிக்கு எட்டவில்லை. செங்கங்காருவைக் குறிக்கும் சொல் தமிழ் எழுத்தில் ‘தண்டா’ என்று இயல்பாக அமர்கிறது. உரோமன் எழுத்திலோ அதற்கு ஒரு ரகரத்தை முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இடப்பெயர்களின் ஈற்றில் வரும் ‘-ங்கா’ என்பது இடவேற்றுமை உருபு. நாம் ‘மதுரையில்’ என்று சொல்வதுபோல. ஓங்கப்பரிங்கா என்பதைப் பிரித்தால் பெண், ஆறு, உருபு என மூன்று கூறுகள் கிடைக்கும். இவ்வொற்றுமைகளைக் கண்டு இரு மொழிகளும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்று துள்ளிக் குதிப்போர் உண்டு. நாம் அதற்கு உடன்பட மாட்டோம். ஒலியமைப்பு ஒத்திருப்பது உறவுக்குச் சான்று ஆகாது.

அங்குப் பயின்ற பிள்ளைகள் தம் மொழியில் மடல் எழுதினர். அவற்றுள் சில இன்றும் கிடைக்கின்றன. கௌர்ணாச் சிறுவர் தம் கையால் தம் மொழியை எழுதிய தாள்கள் அவை.

பள்ளி ஆறாண்டே நடந்தது. 1845-இல் ஆளுநர் கிரே அதை மூடினார். பிள்ளைகள் இன்றைய கின்டோர் அவென்யூவில் இருந்த ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றப்பட்டனர். அங்குத் தாய்மொழிக்கு இடமில்லை. பின்னர் அப்பள்ளி மாணவர் சிலர் 1850-இல் தொலைவிலுள்ள பூனிண்டிக்கு அனுப்பப்பட்டனர். நோய், இடப்பெயர்வு, குடும்பங்களின் சிதைவு ஆகியவற்றால் சமவெளியில் மொழி ஒடுங்கியது. ஜார்ஜ் டவுனில் பினாங்கு இலவசப் பள்ளியில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கியதை நம் தமிழ்க்கல்வியின் தொடக்கமாகக் கொண்டாடுகிறோம். அந்த வகுப்புத் தடுமாறியும் நின்றும் தொடங்கியும் வந்த கதையை நம் ஆசிரியர்கள் அறிவர். பிள்டாவட்லி மீண்டும் தொடங்கப்படவில்லை என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இச்சமைஇட்பினாவின் மகள் இவரிச்சி. அவரிடமிருந்து 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தாவரவியலாளர் ஜே. எம். பிளாக் சில பத்துச் சொற்களைக் கேட்டு எழுதினார். 1929-இல் இவரிச்சி மறைந்தார். கௌர்ணா மொழி பேசிய கடைசி மனிதர் என்று நூல்கள் அவரைக் குறிக்கின்றன. மொழி முழுவதும் தாளுக்குள் அடங்கியது. அத்தாளிலும் ஒரு பகுதி நாட்டிலேயே இல்லை. டைக்கெல்மான் பின்னாளில் விரித்தெழுதிய சொல்லகராதியின் கையெழுத்துப் படியைக் கேப் டவுனில் இருந்த கிரேக்கு அனுப்பியிருந்தார். பள்ளியை மூடிய ஆளுநரே அம்மொழியின் சொற்களைத் தம் நூலகத்தில் காத்தார் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

இன்னொரு முரணையும் சொல்லிவிடலாம். முதல் உலகப் போரின்போது தெற்கு ஆஸ்திரேலியா ஜெர்மன் இடப்பெயர்களை அகற்றச் சட்டம் இயற்றியது. 69 பெயர்கள் அழிந்தன. அடிலெய்டின் அருகே ஜெர்மானியர் குடியேறிய கிளெம்சிக் என்ற ஊர் ‘காசா’ ஆயிற்று. 1935-இல்தான் பழைய பெயர் மீண்டது. அடுத்தவர் மொழியை எழுதிக் காத்தவர்களின் மக்கள், தம் ஊர்ப்பெயர்களை இழந்து நின்றனர்.

சதுக்கங்களின் இரண்டாம் பெயர்

1980-களின் இறுதியில், கௌர்ணா வழித்தோன்றல்களும் மொழியியலாளர் ராப் அமெரியும் 1840-இன் நூலை மீண்டும் திறந்தனர். முதலில் பாடல்கள், பிறகு பள்ளி வகுப்புகள், பிறகு பொது விழாக்களில் வரவேற்புரைகள். 2002-இல் மொழிக்கென ஒரு குழு அமைந்தது. கௌர்ணா வர்ரா பிண்ட்சாந்தி, அதாவது கௌர்ணா மொழியை ஆக்குதல், என்பது அதன் பெயர். இல்லாத சொற்களை ஆக்கவும் வேண்டியிருந்தது. கணினிக்கு அவர்கள் கண்ட சொல், மூளையைக் குறிக்கும் சொல்லையும் மின்னலைக் குறிக்கும் சொல்லையும் இணைத்துப் பிறந்தது. ‘கணினி’ நிலைபெறும் முன் நாம் எத்தனை சொற்களை முயன்று கைவிட்டோம் என்பதை நினைப்போருக்கு அதன் அருமை விளங்கும். எழுத்துமுறையையும் அவர்கள் திருத்தி ஒழுங்கு செய்தனர். அதன்படி இவரிச்சி இன்று ‘இப்பர்ரிச்சி’ என எழுதப்படுகிறார்.

1997-இல் நகர மன்றம் பூர்வகுடிகளோடு இணக்கம் பேணும் உறுதியை மேற்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆறும், ஆறு சதுக்கங்களும், பசுவளையத்தின் பூங்காக்களும் இரட்டைப் பெயர் பெற்றன. டாரன்ஸ் ஆறு கர்ராவிர்ரா பர்ரியும் ஆயிற்று. செம்மரக் காட்டின் ஆறு என்பது பொருள். விக்டோரியா சதுக்கம் தண்டன்யங்காவும் ஆயிற்று. செங்கங்காருவின் மரபைச் சொல்லும் பெயர். 1971 ஜூலையில், ஹரல்ட் தாமஸ் வடித்த ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கொடி முதன்முதலாகப் பறந்த இடமும் அதுவே.

மற்ற ஐந்து சதுக்கங்களின் தேர்வே நம்மை வியக்க வைக்கிறது. 1837-இன் குழு அவற்றுக்கு ஆண்களின் பெயர்களையே சூட்டியது. இரட்டைப் பெயர்களோ ஐந்தும் பெண்களுடையவை. ஹிண்ட்மார்ஷ் சதுக்கம் முக்கட்டா ஆயிற்று, முல்லாவிர்ராபுர்காவின் மனைவி. லைட் சதுக்கம் வவுவி ஆயிற்று, கட்லிட்பினாவின் மனைவி. ஹர்டல் சதுக்கம் தங்கைரா ஆயிற்று. இச்சமைஇட்பினாவின் மனைவி, இவரிச்சியின் தாய். விட்மோர் சதுக்கம் இப்பர்ரிச்சி ஆயிற்று. வெலிங்டன் சதுக்கம் குட்னாட்டு ஆயிற்று. 1848-இல் குடியேறிய ஆங்கிலேயர் ஒருவரைச் சட்டப்படி மணந்த கௌர்ணாப் பெண் அவர். குட்னாட்டு என்பது மூன்றாவதாகப் பிறந்த பெண்பிள்ளைக்கு வழங்கும் பெயர். கௌர்ணா மரபில் பிறப்பு வரிசையே பெயராகும். மொழியைக் கற்றுக்கொடுத்த மூன்று பெரியோரின் மனைவியரும், அம்மொழியைக் கடைசியாகப் பேசிய மகளும் நகரின் தெற்குப் பாதியில் தத்தம் இடத்தில் இருக்கின்றனர். தாயின் சதுக்கம் கிழக்கே, மகளின் சதுக்கம் மேற்கே, நடுவே மன்னர் வில்லியம் தெரு.

இரட்டைப் பெயரால் நிலம் திரும்பிவிடுவதில்லை என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை உண்டு. ரண்டல், ஹிண்ட்லி முதலான பெருந்தெருக்கள் 1837-இன் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. நில உரிமை வழக்கு 2000-இல் தொடங்கி, 2018 மார்ச்சில்தான் நீதிமன்றம் கௌர்ணா மக்களின் உரிமையைச் சமவெளியின் சில பகுதிகளில் ஏற்றது. ஆயினும் பலகையில் எழுதிய பெயரை ஒரு பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது. படித்தால் பொருள் கேட்கும். பொருள் சொல்ல ஒருவர் அம்மொழியைக் கற்றிருக்க வேண்டும்.

வில்லியம் லைட் தாம் வகுத்த நகரில் நெடுங்காலம் வாழவில்லை. அளவைப் பணியை விரைவுபடுத்துமாறு இலண்டன் நெருக்கியதால் 1838-இல் பதவி துறந்தார். 1839 ஜனவரியில் அவருடைய குடிசை தீப்பற்றி, நாட்குறிப்புகளும் ஓவியங்களும் சாம்பலாயின. அதே அக்டோபரில் காசநோயால் இறந்தார், வயது 53. தம் பெயரைத் தாங்கிய சதுக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1906-இல் விக்டோரியா சதுக்கத்தில் நிறுவிய அவருடைய சிலை 1938-இல் மான்டிஃபியோரி குன்றுக்கு மாற்றப்பட்டது. அங்கே நின்று, நீட்டிய கையால் நகரைச் சுட்டுகிறார்.

அக்குன்றிலிருந்து இறங்கி ஆற்றங்கரையோடு மேற்கே நடந்தால் பிள்டாவட்லி. பள்ளி இருந்த இடத்தில் புல்லும் மரங்களும் உள்ளன. நினைவுக் கற்களில் கௌர்ணாச் சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்கே ஆற்றைக் கடந்து நகருக்குள் சென்றால் லைட் துயிலும் சதுக்கம். அதன் பலகையில் அவர் பெயரோடு வவுவியின் பெயரும் இருக்கிறது.